முதற் குண்டு

தசரா நாட்களில் மைசூர்ப் பொருட்காட்சியைச் சுற்றிப் பார்த்த நேயர்கள் அங்கே பலூன் சுடும் கடைகளைக் கண்டிருக்கக் கூடும். வண்ணப் பலூன்களைப் பலகையில் வரிசையாகக் கட்டிவைத்து, வில்விசைக் காற்றுத் துப்பாக்கி ஒன்றை நம் கையில் கொடுப்பார்கள். முதற் குண்டு பெரும்பாலும் இரண்டு பலூன்களுக்கு இடையே புகுந்து, பின்னாலுள்ள தட்டியில் பட்டு விழும். அருகில் நிற்பவர் எவரேனும், "முதல் குண்டு கணக்கில் சேராது, அடுத்ததைப் பாருங்கள்" என்று தேற்றுவார். திருவிழாக் கடைக்கு இந்தத் தேறுதல் போதும். ஆனால் அதே மைசூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக் கூடிய காடுகளில், முதற் குண்டைத் தவிர வேறு எதுவுமே கணக்கில் சேராத ஒரு வேலை நடந்து வருகின்றது. அந்த வேலையைப் பற்றியும், அதற்கு அடிப்படையாகிய காற்றுத் துப்பாக்கியின் இயல்பைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறோம்.

பெயரை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்குப் பெயரில் குழப்பம் இருந்தால் மேலே செல்ல மனம் வருவதில்லை. காற்றுத் துப்பாக்கி என்று நாம் பொதுவாக வழங்கும் சொல்லில் இரு வேறு கருவிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, பலூன் கடையில் காண்பது. ஒவ்வொரு முறையும் குழலை மடக்கி வில்லை இறுக்குகிறோம்; விசையை அழுத்தியதும் வில் பாய்ந்து, அந்தக் கணத்தில்தான் காற்றை அழுத்துகிறது. மற்றொன்று, காற்றை முன்கூட்டியே ஓர் உருளையில் அழுத்தி அடைத்து வைத்துக்கொண்டு, சுடும்போதெல்லாம் அதிலிருந்து சிறிது சிறிதாகச் செலவிடுவது. இதைப் பழகியவர்கள் 'பி.சி.பி.' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களால் குறிப்பார்கள். நாம் இப்பேச்சில் 'அடைகாற்றுத் துப்பாக்கி' என்று வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் நேயர்கள் அதையே ஏற்றுக்கொள்ளலாம்.

இது புதிய கருவி அன்று. ஆஸ்திரியப் படை 1780-ஆம் ஆண்டிலேயே ஜிராண்டோனி என்பவர் அமைத்த அடைகாற்றுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதே 1780-இல்தான், காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில், மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் கும்பினிப் படையைக் கலங்க அடித்தன. ராக்கெட்டை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. காற்றுத் துப்பாக்கியை ஏறக்குறைய மறந்துவிட்டது. ஜிராண்டோனியின் துப்பாக்கியில் பின்கட்டையே காற்றுக் கலம். அதை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை கைப்பம்பை அடிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் ஒரு குறை நீங்கவில்லை. காற்று செலவாகச் செலவாக அழுத்தம் குறையும். குண்டுகள் வரவர வேகம் குன்றும். எல்லாக் குண்டுகளையும் ஒரே வேகத்தில் அனுப்புவது எப்படி என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

இன்றைய போட்டித் துப்பாக்கியில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. கார்ச் சக்கரத்தில் நாம் அடைப்பது ஏறக்குறைய 2 பார் மட்டுமே என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். உருளைக்கும் குழலுக்கும் இடையே ஒரு வால்வு. விசையை அழுத்தியதும் சிறு சுத்தி ஒன்று பாய்ந்து அந்த வால்வைத் தட்டுகிறது. கண்ணிமைப்பதற்குள் வால்வு திறந்து மூடுகிறது. வெளிப்பட்ட காற்று ஈயக் குண்டை உந்திச் செல்கிறது. உருளையின் அழுத்தம் மிகுதியாக இருந்தால் அந்த அழுத்தமே வால்வை இறுக மூடிப் பிடித்துக்கொள்ளும். ஆகையால், நிரப்பியவுடன் சுடும் குண்டு வேகம் குறைந்து போவதும், பாதி செலவான பிறகு வேகம் கூடுவதும், பின்னர் மறுபடி குறைவதும் உண்டு.

இந்த ஏற்ற இறக்கத்தை அடக்கவே ரெகுலேட்டர் என்னும் உறுப்பை இடையில் பொருத்தினார்கள். நம் சமையலறை எரிவாயுச் சிலிண்டரின் தலையில் இருக்கும் ரெகுலேட்டர் செய்யும் அதே வேலைதான். உருளையில் 200 பார் இருந்தாலும் 120 பார் இருந்தாலும், வால்வுக்கு முன்னுள்ள சிறிய அறைக்குள் குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தில் மட்டுமே அது காற்றை விடும். இதனால் அடுத்தடுத்துச் சுடும் ஐம்பது குண்டுகள் ஒன்றையொன்று ஒத்த வேகத்தில் செல்கின்றன. கேள்வி தீர்ந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

ஆனால் அடுத்தடுத்துச் சுடும் குண்டுகளுக்குத்தான் இந்த ஒழுங்கு. ஓர் இரவு சும்மா கிடந்த துப்பாக்கியின் முதற் குண்டு வேறு கதை. ரெகுலேட்டரின் அடைப்பில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும், உயர்ந்த அழுத்தமுள்ள காற்று சிறிய அறைக்குள் மெல்ல ஊறிக்கொண்டே இருக்கும். சொட்டும் குழாயின் அடியில் வைத்த குடம் விடிவதற்குள் நிரம்பிவிடுவது போலத்தான். சுட்டுக்கொண்டே இருக்கும்போது இந்த ஊறலுக்கு நேரம் இல்லை. ஆகையால் அது வெளிப்படுவதில்லை. காத்திருந்த துப்பாக்கியில்தான் வெளிப்படும். அழுத்தம் ஏறிய அந்த முதற் குண்டு, சில துப்பாக்கிகளில் வழக்கத்தைவிட விரைந்து செல்லும். வால்வு இறுகிப்போன துப்பாக்கிகளில் தளர்ந்து செல்லும். எத்திசையில் தவறும் என்பது அந்தந்தத் துப்பாக்கியின் குணம்.

கசிவு ஒன்றே காரணம் என்று கொள்ள வேண்டாம். நாட்கணக்கில் அழுத்தத்துக்கு உட்பட்ட வால்வின் அடைப்பும் ரப்பர் வளையங்களும் தாம் அமர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் தட்டல் அந்த ஒட்டலைப் பிரிக்கவே தன் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிடும். சுத்தி ஓடும் தடத்தில் போட்ட மசகு குளிரில் கெட்டியாகும். குழலைத் துடைத்து எண்ணெய் இட்டு வைத்திருந்தால், அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் முதற் சில குண்டுகளைத் தன் போக்கில் இழுக்கும். உள்ளே ஈயம் சிறிது படிந்த பிறகே குழல் தன் பழைய நிலைக்கு வரும். துப்பாக்கியைப் பளபளவென்று துடைத்து எடுத்துக்கொண்டு நேரே போட்டிக்குச் செல்பவர் தம் தூய்மைக்கே தண்டனை பெறுகிறார்.

பிறகு வெப்பநிலை. மைசூரில் மார்கழிக் காலையில் 15 பாகையும் நண்பகலில் 28 பாகையும் இருப்பதாகக் கொள்வோம். காலையில் 200 பார் காட்டிய காற்று, ஒரு குண்டும் செலவாகாமலே, நண்பகலில் 209 பார் காட்டும். இது சிறிய மாற்றம். காற்றுக்குப் பதில் கரியமில வாயுவைத் திரவமாக அடைத்த துப்பாக்கியானால், அதே இடைவெளியில் வாயுவின் அழுத்தம் 51 பாரிலிருந்து 69 பாருக்கு உயர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்! போட்டியாளர்கள் கரியமில வாயுவைக் கைவிட்டு அடைகாற்றுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு பெருங் காரணம்.

இவ்வளவு நுட்பம் தேவைதானா என்று நேயர்கள் வினவலாம். கணக்கைப் பார்ப்போம். பத்து மீட்டர்ப் போட்டியில் குண்டின் வேகம் வினாடிக்கு 170 மீட்டர் அளவில் இருக்கும். பத்து மீட்டரைக் கடக்கும் அந்தச் சிறு பொழுதிலேயே அது ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடுகிறது. வேகத்தில் 3 மீட்டர் குறைந்தால் இன்னும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாகத் தாழும். இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் புள்ளியின் குறுக்களவே அரை மில்லிமீட்டர்தான். கால் மில்லிமீட்டர் விலகினால் ஒரு தசமம் போய்விடும்.

தசமத்தின் விலையை அறிந்த ஒரு தமிழ்ப் பெண்ணை இங்கே நினைவுகூர வேண்டும். கடலூரில் பிறந்து, நம்மைப் போலவே மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்த குடும்பத்தில் அகமதாபாத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-ஆம் ஆண்டு ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பத்து மீட்டர்க் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றார். 2023-இல் அதே நகரில் மீண்டும் வென்றார். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அறுபது குண்டுகளில் அவர் பெற்ற புள்ளி 630.7. சராசரியாகக் குண்டுக்குப் பத்தரைக்கும் மேல். அவருக்குக் கிடைத்தது பத்தாம் இடம். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. ஐந்தாம் இடத்தில் இறுதிக்குச் சென்ற ரமிதா ஜிந்தாலின் புள்ளி 631.5. அறுபது குண்டுகளுக்கும் சேர்த்து இருவருக்கும் இடையே இருந்தது எட்டே தசமம். இதில் துப்பாக்கியைக் குறை கூற நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த உயரத்தில் மூச்சுக் காற்றுக்கும் எடை உண்டு என்பதற்காகவே சொல்கிறோம்.

ஆயினும் போட்டியில் ஒரு சலுகை உண்டு. கணக்கிடும் குண்டுகளைத் தொடங்குமுன், எண்ணிக்கை வரம்பின்றி முன்னோட்டக் குண்டுகளைச் சுட்டுப் பார்க்கலாம். 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பெய்ஜிங்கில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றதற்கு இந்தச் சலுகையும் துணைநின்றது. இறுதிச் சுற்றுக்கு முன் அவர் சுட்ட முதல் முன்னோட்டக் குண்டு நான்காம் வளையத்தில் பட்டது. உலகின் தலைசிறந்த கை நான்கு பெறுமா? இடைவேளையில் குறிநோக்கி இடம் மாறிப்போயிருந்தது. காரணம் எதுவாயினும், சில நிமிடங்களுக்குள் திருகித் திருகிச் சரிசெய்தார். கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹாக்கினனும் 689.7 என்று சமமாக நின்றார்கள். பிந்திரா 10.8 சுட்டார், ஹாக்கினன் 9.7. முதற் குண்டு சொன்ன செய்தியை அன்று அவர் அலட்சியம் செய்திருந்தால் இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம் அன்று கிட்டியிருக்காது.

முன்னோட்டக் குண்டு என்ற சலுகையே இல்லாத இடத்துக்கு இனி வருவோம்.

மைசூர்ச் சீமையில் யானை பிடிப்பது பழைய கலை. காக்கனகோட்டைக் காட்டில் கெட்டா என்னும் வேலியடைப்புக்குள் யானைக் கூட்டங்களை விரட்டிப் பிடித்த காட்சியைக் காண வெளிநாட்டு விருந்தினர்கள் வந்ததுண்டு. 1971-இல் கடைசிக் கெட்டா நடந்தது. மறு ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு, ஊருக்குள் புகும் யானையையும் புலியையும் உயிருடன் அகற்றுவதற்கு மயக்க ஊசித் துப்பாக்கியே துணையாயிற்று. நியூசிலாந்தின் விலங்கு மருத்துவர் காலின் மர்டாக் 1950-களில் இக்கருவியை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர்.

மயக்க ஊசித் துப்பாக்கிகளில் பெரிதும் வழங்குவது அழுத்திய வாயுவால் இயங்கும் வகை. சுடுவோர் தூரத்தைக் கருவியால் அளந்து, அந்தத் தூரத்துக்கு உரிய அழுத்தத்தை முள்ளைப் பார்த்து அறைக்குள் நிரப்பிக்கொள்கிறார். ஊசிக்குள்ளும் அடைத்த காற்று இருக்கிறது. முன்னறையில் மருந்து, பின்னறையில் அழுத்திய காற்று, ஊசியின் பக்கத் துளையை மூடிய ஒரு ரப்பர் உறை. விலங்கின் தோலில் ஊசி பாய்ந்ததும் உறை பின்தள்ளப்பட்டுத் துளை திறக்கிறது. பின்னறைக் காற்று மருந்தைத் தசைக்குள் செலுத்துகிறது. ஆக, இங்கே இரண்டு இடங்களில் அடைகாற்று; இரண்டும் காத்திருக்கின்றன; இரண்டும் முதல் முறையே பிசகாமல் வேலை செய்தாக வேண்டும்.

ஈயக் குண்டைப் போல் ஊசி விரைந்து செல்வதில்லை. எடுத்துக்காட்டாக, வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் 30 மீட்டர் தொலைவுக்கு எய்வதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அரை வினாடிப் பயணத்தில் அது ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் தாழ்கிறது. முதற் சூட்டில் வேகம் 55 மீட்டராகத் தளர்ந்துவிட்டால் மேலும் 23 சென்டிமீட்டர் தாழும். ஒரு சாண் அளவு. புலியின் தொடைத் தசையைக் குறித்த ஊசி எலும்பிலோ மண்ணிலோ போய்ப் படுவதற்கு அந்த ஒரு சாண் தாராளமாகப் போதும்.

'அப்படியானால் அழுத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வதுதானே' என்று தோன்றும். அது கூடாது. வேகம் மிகுந்தால் ஊசி தசையைக் கிழிக்கும். சிறிய விலங்கானால் எலும்பையே முறிக்கும். குறைந்தால் எட்டாது, அல்லது தோலில் தட்டி மருந்தைச் செலுத்தாமலே விழும். பாதி மருந்து ஏறிய விலங்கு மயங்காது, மிரண்டு ஓடும். வலிமை இங்கே எந்தக் குறையையும் ஈடுசெய்வதில்லை. சீர்மை ஒன்றுதான் வேண்டியது.

2011-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் காலை இரண்டு காட்டு யானைகள் மைசூர் நகருக்குள்ளேயே புகுந்துவிட்டன. ஒருவர் உயிரிழந்தார். மயக்க ஊசி செலுத்தியே யானைகளைப் பிடித்தார்கள். கூரைமேலும் மாடிமேலும் மக்கள் திரண்டு நிற்க, அந்தத் தெருவில் நின்று முள்ளைப் பார்த்து அழுத்தம் நிரப்பியவர்களின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

2021-இல் நீலகிரியில் நான்கு மனிதரைக் கொன்றதாகக் கூறப்பட்ட டி-23 என்னும் புலியைத் தேடினார்கள். அதைக் கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. மசினகுடிப் பகுதியில் 21 நாள் தேடல். அக்டோபர் 14-ஆம் நாள் இரவு ஊசி எய்யப்பட்டும் புலி இருளில் புதருக்குள் மறைந்துவிட்டது. உண்ணிச் செடி மண்டிய காட்டில், அரை மயக்கத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற புலியை இரவில் தொடர்வது எத்தகையது! மறுநாள் பிற்பகலில்தான் மீண்டும் ஊசி செலுத்தி உயிருடன் பிடித்தார்கள். மைசூருக்கு அருகேயுள்ள கூர்கள்ளி மீட்பு மையத்துக்குக் கொண்டுவந்து அதன் புண்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள்.

ஊசி சரியாகப் பட்டாலும் ஆபத்து தீர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் பிடிக்கும். கர்நாடக வனத்துறையில் யானைக்கு ஊசி எய்வதில் பேர் பெற்றவரும், 'ஆனே வெங்கடேஷ்' என்று மக்கள் அன்புடன் அழைத்தவருமான வெங்கடேஷ், 2023 ஆகஸ்டு 31-ஆம் நாள் ஹாசன் மாவட்டத்தில் காயம்பட்ட காட்டு யானை ஒன்றுக்கு ஊசி எய்த பின், அந்த யானை திரும்பித் தாக்கியதில் உயிரிழந்தார். அதே ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், அதே மாவட்டத்தில் நடந்த பிடிப்புப் பணியின்போது காட்டு யானையுடன் நேர்ந்த மோதலில் அர்ஜுனா இறந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மைசூர்த் தசராவில் 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்த யானை அது. மைசூரில் அன்று வருந்தாத வீடு இல்லை.

இனி, காற்றுத் துப்பாக்கி பழகும் நேயர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பயன்படக் கூடிய ஒரு சோதனை. (குரங்கை விரட்டவும் பறவையைச் சுடவும் துப்பாக்கி வாங்கியவர்களுக்கு நாம் சொல்ல ஒன்றும் இல்லை, சட்டமே சொல்லும்.) வழக்கமாக நாம் துப்பாக்கியைச் சோதிக்கும் முறை, ஒரே இருப்பில் பத்துக் குண்டு சுட்டு, அவை எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பார்ப்பது. அதில் முதற் குண்டு தனித்து விழுந்தால், அதை விரலால் மறைத்துக்கொண்டு மற்ற ஒன்பதைக் காட்டிப் பெருமை பேசுவதும் வழக்கம்தான். இந்த முறை, சூடேறிய துப்பாக்கியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லும். காத்திருந்த துப்பாக்கியைப் பற்றி எதையும் சொல்லாது.

ஆகையால் ஓர் இலக்கு அட்டையைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் பயிற்சிக் கூடத்தில், வேறு குண்டு எதுவும் சுடுமுன், அந்த அட்டையில் ஒரே ஒரு குண்டு. உடனே அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு குறிப்பேட்டில் நேரம், வெப்பநிலை, உருளையின் அழுத்தம், துப்பாக்கி எத்தனை மணி நேரம் ஓய்ந்திருந்தது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பத்து நாளில் பத்து முதற் குண்டுகள் அட்டையில் சேர்ந்துவிடும். அவை நடுவை விட்டு விலகியிருந்தாலும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்திருந்தால் கவலை இல்லை. முதற் குண்டுக்கு எவ்வளவு ஏற்றியோ தாழ்த்தியோ குறிவைப்பது என்பது தெரிந்துவிட்டது. ஓய்வு நேரம் கூடக் கூட மேலேறியோ கீழிறங்கியோ ஒழுங்காகச் சென்றிருந்தால் ரெகுலேட்டரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். நான்கு திசையிலும் சிதறியிருந்தால் துப்பாக்கியை விட்டுவிட்டுச் சுடுபவரின் தோளையும் கன்னத்தையும் முதலில் கவனிப்பது நலம்.

ஊசித் துப்பாக்கிக்கும் இதே முறை பொருந்தும். மருந்துக்குப் பதில் அதே எடையுள்ள நீரை நிரப்பிய பயிற்சி ஊசி ஒன்றை, காட்டில் எவ்வளவு நேரம் காத்திருக்க நேருமோ அவ்வளவு நேரம் அழுத்தம் ஏற்றிய துப்பாக்கியில் கிடக்க விட்டு, பிறகு முள்ளை மறுபடி பார்த்து, ஒரே ஒரு முறை வைக்கோற் பொதியின் மீது எய்து பார்க்க வேண்டும். இரண்டாவது ஊசியை அன்றைக்கு எய்ய வேண்டியதில்லை.